அறைக்கு நிறம் பூசுவது நாமா, கூலியாளா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். எம்மில் பலருக்கு நீண்ட காலமாகச் சுவரே இருக்கவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து புறப்பட்டவர்கள், 1995 ஒக்ரோபரில் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்கள், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் இடத்துக்கு இடம் நகர்ந்து ஈற்றில் மெனிக் பாம் முகாமில் அடைபட்டவர்கள் என எல்லோருக்கும் பள்ளிக்கூட விறாந்தையும் உறவினர் வீட்டுத் தாழ்வாரமும் கிடுகுக் கொட்டிலும் தறப்பாள் கூடாரமுமே வீடாக இருந்தன. தறப்பாளுக்கு எவரும் நிறம் பூசுவதில்லை.

மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியவர்களில் பலருக்கு வீட்டுத் திட்டங்கள் கிடைத்தன. இந்திய அரசின் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே நின்று வீட்டைக் கட்டுவிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அத்திவாரம், சுவர், கூரை என்று வந்து சேர்ந்தபோது பலரது கை வெறுமையாகிவிட்டது. பூசாத சுவரோடு குடிபுகுந்து, ஓர் ஆண்டு சாந்துப் பூச்சு, இன்னோர் ஆண்டு நிலம், பின்னர் கதவு என்று ஒவ்வொன்றாக முடித்து வருகிறோம். கடைசியில் நிற்கும் வேலை நிறம் பூசுவது.

ஆகவே, “அறைக்குப் பெயின்ற் அடிக்க ஆள் பிடிப்பதா, நாங்களே அடிப்பதா?” என்ற கேள்வி எம்மிடையே எழுவது ஒரு வகையில் மகிழ்ச்சிக்குரியது. சுவர் வந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஆனால் இந்தச் சிறிய கேள்விக்குப் பிழையாக விடை கண்டு கடன்பட்ட குடும்பங்களும் பயிரை இழந்த குடும்பங்களும் உண்டு. பயிரை இழந்தவர்களில் நானும் ஒருவன். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு

எந்தச் செலவையும் பேசுமுன் அளந்து பார்க்க வேண்டும். வயலைப் பரப்புக் கணக்கில் சொல்லும் நாம் வீட்டுச் சுவரை மட்டும் கண்ணால் மதிப்பிட்டுக்கொண்டு கடைக்குப் போகிறோம்.

12 அடி நீளமும் 10 அடி அகலமும் 9 அடி உயரமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் 396 சதுர அடி. 3 அடிக்கு 7 அடிக் கதவுக்கு 21 சதுர அடியையும், 4 அடிக்கு 3 அடி யன்னல்கள் இரண்டுக்கு 24 சதுர அடியையும் கழித்தால் மிஞ்சுவது 351. எனவே பூச வேண்டியது ஏறத்தாழ 350 சதுர அடி.

நன்றாக மட்டம் பிடித்த சுவரில் ஒரு லீற்றர் இமல்ஷன் பெயின்ற் ஒரு தடவை பூச 100 சதுர அடிக்கு மேலும் வரும். எமது வீடுகளில் உள்ள சொரசொரப்பான பூச்சில் 90 சதுர அடி என்று வைத்துக்கொள்வதே புத்தி. அப்படியானால் ஒரு தடவைக்கு 4 லீற்றர். அடிப்பூச்சு ஒரு தடவை, நிறம் இரண்டு தடவை. ஆக, அடிப்பூச்சுக்கு 4 லீற்றர் வாளி ஒன்றும் நிறத்துக்கு 4 லீற்றர் வாளி இரண்டும் போதும். யார் பூசினாலும் இந்த அளவில் பெரிய மாற்றமில்லை. மாறுவது கூலியும் வீணாகும் பொருளுமே.

உங்கள் நாளுக்கு என்ன விலை?

இனிக் கூலிக்கு வருவோம். பின்வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கூலியை விசாரித்து அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

பெயின்ரரின் நாட்கூலி 3,500 ரூபா, அவருடைய கையாளின் கூலி 2,000 ரூபா என்று கொள்வோம். வயலில் ஓர் ஆளின் நாட்கூலியும் 2,000 ரூபாதான். பழகிய பெயின்ரரும் கையாளும் இந்த அறையை இரண்டு நாளில் முடிப்பார்கள். கூலி 11,000 ரூபா. இருவருக்கும் இரண்டு நாட் சாப்பாடும் தேத்தண்ணியும் 1,500 ரூபா. மொத்தம் 12,500 ரூபா.

நாமே செய்தால்? பழக்கமில்லாத இருவருக்கு நான்கு நாளாவது வேண்டும். சுவரைத் தேய்த்துத் தூசி தட்டுவதற்கே ஒரு நாள் போய்விடும். றோலர், பிறஸ், தட்டு, தேய்க்கும் தாள் என்று 2,500 ரூபா. நிலத்திலும் உடுப்பிலும் சிந்தியது போக மேலதிகமாக வாங்கும் ஒரு லீற்றருக்கு 1,500 ரூபா. மொத்தம் 4,000 ரூபா. “பார்த்தீர்களா, 8,500 ரூபா மிச்சம்!” என்று சொல்லத் தோன்றும். பெரும்பாலான வீடுகளில் கணக்கு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

நாம் விட்ட கணக்கு ஒன்று உண்டு. இருவர் நான்கு நாள் நின்றால் அது எட்டு ஆள்நாள். 8,500 ரூபாவை எட்டால் பிரித்தால் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 1,060 ரூபா அளவில்தான் வரும். நமக்கு நாமே கொடுத்துக்கொண்ட கூலி அவ்வளவே. அதே எட்டு ஆள்நாளுக்கு வயலில் வேலை இருந்திருந்தால் 16,000 ரூபா கிடைத்திருக்கும். அதைச் சேர்த்துப் பார்த்தால் நாமே பூசிய அறையின் செலவு 20,000 ரூபா. கூலியாளைப் பிடித்திருந்தால் 12,500 ரூபாவுடன் முடிந்திருக்கும்.

மறுபுறத்தில், வயலும் இல்லை, கூலி வேலையும் இல்லை, வீட்டில் சும்மா இருக்கிறோம் என்றால் அந்த எட்டு ஆள்நாளுக்கு வெளியில் விலை எதுவும் இல்லை. அப்போது 8,500 ரூபா உண்மையான மிச்சமே.

எனவே முதலில் கேட்க வேண்டியது “பெயின்ரர் எவ்வளவு கேட்கிறார்?” என்பதன்று. “இது எந்த மாதம்?” என்பதையே முதலில் கேட்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குச் சனியும் ஞாயிறும் ஓய்வு நாட்கள். அவர் அந்த நாட்களில் தன் வீட்டுக்கு நிறம் பூசினால் சம்பளம் குறையாது. கமக்காரரின் நாட்கள் அப்படியானவை அல்ல. விதைப்பு நாளும் களை எடுக்கும் நாளும் அருவி வெட்டு நாளும் பொன். இடைப்பட்ட சில மாதங்கள் வெறும் நாட்கள். பொன்னான நாளை எடுத்துச் சுவரில் பூசக்கூடாது என்பதே என் கருத்து.

நான் பட்ட பாடு

நாங்கள் 2011இல் ஊர் திரும்பினோம். 2013இல் வீட்டின் சாந்துப் பூச்சு முடிந்தது. தங்கையின் கலியாணம் தை மாதத்தில். மார்கழியில் முன் அறைக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் நின்றார்கள். பெயின்ரர் கேட்ட கூலி எனக்கு அநியாயமாகப் பட்டது. “இதென்ன பெரிய வித்தையோ? நானும் மச்சானும் அடிச்சு முடிக்கிறம்” என்று சொல்லிவிட்டேன்.

நான்கு நாள் என்று நினைத்த வேலை ஒன்பது நாள் சென்றது. மழை விடவில்லை. முதற் பூச்சுக் காய்வதற்கே இரண்டு நாள் காத்திருந்தோம். அந்த ஒன்பது நாளும் கச்சான் தோட்டத்தில் களை எடுக்க வேண்டிய நாட்கள். நாங்கள் இறங்கியபோது கச்சான் செடிக்கு மேலால் கோரை நின்றது. அறுவடையில் பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்ததில் பாதியளவே எங்களுக்குக் கிடைத்தது. பெயின்ரருக்குக் கொடுக்க மறுத்த கூலியைக் கோரைக்குப் பல மடங்காகக் கொடுத்தேன்.

அத்துடன் முடியவில்லை. ஆனி மாதத்தில் சுவரின் கீழ்ப்பகுதி கொப்புளம் கொப்புளமாக எழும்பிற்று. நகத்தால் தட்டினால் தோல் உரிவது போலப் பெயின்ற் உரிந்தது. உள்ளே வெள்ளை உப்பு. முன்பு கூலி கேட்ட அதே பெயின்ரரைக் கூட்டி வந்து காட்டினேன். வயதில் மூத்தவர். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, நீங்கள் பெயின்ற் அடிச்சது பிழையில்லை. ஆனால் ஈரத்தையும் சேர்த்தெல்லோ உள்ளுக்கை வைச்சுப் பூட்டியிருக்கிறியள்.”

“அப்ப நீங்கள் வந்திருந்தால் என்ன செய்திருப்பியள் அண்ணை?”

“மார்கழியிலை அடிக்க வேண்டாம் எண்டு சொல்லியிருப்பன். நீங்கள் கேட்டிருக்க மாட்டியள்.”

உண்மைதான், கேட்டிருக்க மாட்டேன்.

சுண்ணாம்பின் காலமும் பெயின்றின் காலமும்

நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் முன்னர் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது எமது பழைய வழக்கம். நல்ல வழக்கம். ஆனால் அது சுண்ணாம்பின் காலத்தில் உண்டான வழக்கம் என்பதை மறந்துவிட்டோம்.

சுண்ணாம்பு ஈரச் சுவருக்கு அஞ்சாது. வெள்ளை அடிக்குமுன் சுவரை நனைப்பதே முறை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல எடுத்து மீண்டும் கல்லாக இறுகுகிறது. அதன் நுண்துளைகளினூடாகச் சுவரின் ஈரம் வெளியேறும். இமல்ஷன் பெயின்றின் தன்மை வேறு. அது சுவரின் மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிகிறது. சுவருக்குள் ஈரம் இருந்தால் அது வெளியேற வழி தேடி அந்தத் தோலைத் தள்ளும். உவர் நீரில் சாந்து குழைத்த வீடுகளிலும் கரையோரக் கிராமங்களிலும் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வரும்.

வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. அதே காலம்தான் காலபோக விதைப்பும் களையெடுப்பும். எல்லா வீட்டாரும் ஒரே கிழமையில் ஆள் தேடுவதால் பெயின்ரரின் கூலி ஏறி நிற்பதும் அப்போதுதான். சுவர் நனைந்திருக்கும் காலத்தில், எமது நாள் மிக விலையுயர்ந்த காலத்தில், கூலியும் மிகக் கூடிய காலத்தில் நாம் பெயின்ற் வாளியைத் தூக்குகிறோம். இதைவிட நட்டமான காலம் வேறில்லை.

பங்குனியைப் பாருங்கள். அருவி வெட்டு முடிந்திருக்கும். மழை விட்டு இரண்டு மாதமாகச் சுவர் காய்ந்திருக்கும். நெல் விற்ற காசில் உரக்கடனும் உழவுக்கூலியும் போக ஏதாவது கையில் மிஞ்சியிருக்கலாம். மானாவாரிக் கமக்காரருக்குப் பங்குனி தொடக்கம் ஆவணி வரை கை ஓய்ந்திருக்கும். சோளகக் காற்றுத் தொடங்கிய பின் புழுதி வந்து ஈரப் பெயின்றில் ஒட்டும் என்பதால் காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். சிறுபோகம் செய்பவர்களும் தோட்டக்காரர்களும் தங்கள் வெறுமை நாட்களைத் தாங்களே அறிவார்கள்.

பண்டிகைக்கு வீடு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பவர்கள் பண்டிகைக்குச் சுண்ணாம்பு அடிக்கட்டும். கழுவித் துடைக்கத்தக்க பெயின்ற் வேண்டும் என்பவர்கள் பங்குனிக்குக் காத்திருக்கட்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இளகி உதிரும் சுண்ணாம்பின் மேல் பெயின்ற் பிடிக்காது. பின்னர் பெயின்ற் அடிப்பதானால் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டே அடிக்க வேண்டும். எனவே எந்த அறைக்கு எது என்பதை முதலே தீர்மானித்துக்கொள்வது நல்லது. காணி இன்னும் கிடைக்காமல் பிறர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்கள் பெயின்றுக்குப் பணம் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. வீட்டுக்காரர் சம்மதித்தால் அவர்களுக்குச் சுண்ணாம்பே போதும்.

கடன் வாங்கி நிறம் பூசலாமா?

கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

2022இல் எமது நாணயத்துக்கு நேர்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறிற்று. அந்த ஆண்டில் 50 கிலோ சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தாண்டியது. பெயின்றுக்கு வெண்மை கொடுக்கும் தூள் வெளிநாட்டிலிருந்து வருவது. அதனால் அதன் விலையும் ஏறியது. அந்தத் தூளைச் செய்ய உதவும் இல்மனைற்று எமது புல்மோட்டைக் கரை மணலில்தான் கிடக்கிறது. நாம் அதை மணலாகவே கப்பலேற்றிவிட்டு, தூளை விலைகொடுத்து வாங்குகிறோம்.

விலை ஏறியதும் பலர் கிழமைத் தவணைக் கடன்காரரிடம் போனார்கள். கணக்கைப் பாருங்கள். பொருளுக்கும் கூலிக்குமாக 30,000 ரூபாவை ஆண்டுக்கு 24 வீத வட்டியில், முழுத்தொகைக்கும் ஒரே வட்டி என்ற முறையில் எடுத்தால் ஓர் ஆண்டு வட்டி 7,200 ரூபா. அது பெயின்ரரின் இரண்டு நாட் கூலியைவிட அதிகம். கூலியை மிச்சம் பிடிக்க நாமே ஏணியில் ஏறி முறிந்துவிட்டு, அதே தொகையைக் கடன்காரருக்கு வட்டியாகக் கொடுப்பதில் என்ன மிச்சம்? வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது. நிலைமை எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கு அதுவே சான்று. அக்கடன்கள் எல்லாம் விதை நெல்லுக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் எடுத்தவை அல்ல. வீட்டை முடிக்க எடுத்தவையும் அவற்றுள் உண்டு.

பெயின்ற் அடிக்காத சுவர் இடிந்து விழாது. கடனில் அடித்த சுவரின் கீழ் நித்திரை வராது. பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரைப் பார்த்து என்ன சொல்வார்களோ என்று எண்ணுகிறோம். அவர்களில் பலர் எங்களோடு தறப்பாளின் கீழ் இருந்தவர்களே. அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

கூலி கொடுப்பது வீண் செலவா?

இதுவரை சொன்னதைக் கேட்டு, ஆள் பிடிப்பது வசதியானவர்களின் வேலை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. பெயின்ரர் யார்? காணியில்லாத எமது அயலவர். வீட்டுத் திட்டங்கள் மும்முரமாக நடந்த ஆண்டுகளில் மேசன் வேலையும் பெயின்ற் வேலையும் பழகிய இளைஞர்கள் ஏராளம். திட்டங்கள் குறைந்ததும் வேலையும் குறைந்தது. அவருக்குக் கொடுக்கும் கூலி ஊர்க்கடையில் அரிசியாக மாறி, பிள்ளையின் கொப்பியாக மாறி, எமது மரக்கறியையும் வாங்கும். தூர நகரத்துக் கம்பனிக்குப் போகும் பணம் வாளிக்குள் இருக்கும் பெயின்றின் விலை. கூலி ஊருக்குள்ளேயே சுற்றும்.

ஆண் துணையின்றிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் எமது கிராமங்களில் நிறையப் பேர். காலை இழந்தவர்களும் உடலில் இன்னும் இரும்புத் துண்டைச் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் “நீங்களே அடியுங்கள், மிச்சம்” என்று சொல்வது நியாயமன்று. ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்தால் ஒரு போகமே போய்விடும். இன்று நான் உன் வயலில், நாளை நீ என் வயலில் என்று மாறி மாறி வேலை செய்து பழகிய சமூகம் நாம். நாற்று நடுவதற்குக் கைகொடுத்தவர்கள் சுவருக்கும் கைகொடுக்கலாம்.

நான் சொல்லும் நடுவழி

பெயின்ரரைக் கூலிக்குப் பிடியுங்கள்; கையாளாக நீங்கள் நில்லுங்கள்.

கணக்கு இதுதான். பெயின்ரரின் இரண்டு நாட் கூலி 7,000 ரூபா. அவர் ஒருவருக்குச் சாப்பாடு 750 ரூபா. மொத்தம் 7,750 ரூபா. இருவரையும் பிடிப்பதோடு ஒப்பிட்டால் 4,750 ரூபா மிச்சம். அதற்கு நீங்கள் கொடுத்தது இரண்டு ஆள்நாள் மட்டுமே. நாளொன்றுக்கு 2,375 ரூபா, வயற்கூலியைவிடவும் அதிகம். றோலரும் பிறஸும் அவரிடம் இருக்கும். பொருளும் வீணாகாது. நாமே எல்லாவற்றையும் செய்தபோது எமது நாளுக்குக் கிடைத்த 1,060 ரூபா இதில் பாதியும் இல்லை.

மிச்சம் பணத்தில் மட்டுமன்று. சுவரை எப்படித் தேய்ப்பது, வெடிப்பை எப்படி அடைப்பது, தண்ணீர் எவ்வளவு கலப்பது, மூலைகளைப் பிறஸால் முதலில் அடித்துவிட்டு நடுவை றோலரால் நிரப்புவது ஏன் என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று கண்டுகொள்வீர்கள். முதல் அறையை அவரோடு நின்று முடித்தால் இரண்டாம் அறையை வேலையில்லாத மாதத்தில் நீங்களே முடிக்கலாம். மகன், மகள் யாராக இருந்தாலும் பழகட்டும். பெண் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பவர்கள், மண் வீட்டுக் காலத்தில் சுவரை மெழுகியது யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பேச்சை முதலே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நாட்கூலியா, கொந்தராத்தா? எத்தனை தடவைப் பூச்சு? பொருளை வாங்குவது யார்? இவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் பின்னர் மனக்கசப்பு வராது. பொருளை நீங்களே போய் வாங்குவது நல்லது. கடும் நிறங்களைவிட மென்னிறங்கள் பெரும்பாலும் விலை குறைந்தவை. எல்லா அறைக்கும் ஒரே நிறமானால் ஓர் அறையில் மிஞ்சியது அடுத்த அறைக்கு உதவும்.

வாளியைத் திறக்குமுன்

நீங்கள் செய்தாலும் கூலியாள் செய்தாலும் சில காரியங்களை விடக்கூடாது.

புதிய சாந்துப் பூச்சானால் குறைந்தது 28 நாள் காய விடுங்கள். ஒரு முழ நீளப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் உட்புறத்தில் நீர்த்துளி நின்றால் சுவர் இன்னும் தயாராகவில்லை. உப்புப் பூத்திருந்தால் தண்ணீரால் கழுவாமல் உலர்ந்த பிறஸால் தட்டி எடுங்கள். கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் உள்ளே போகும். கூரை ஒழுக்கையும் சுவரடியில் தண்ணீர் தேங்குவதையும் முதலில் திருத்துங்கள். பெயின்ற் ஒழுக்கை மறைக்கும், நிறுத்தாது.

நீண்ட காலம் பூட்டிக் கிடந்த பழைய வீடுகளுக்குத் திரும்பியவர்கள் கதவு, யன்னல்களில் உள்ள பழைய எனமல் பெயின்றைக் காய்ந்தபடி உரஞ்ச வேண்டாம். பெயின்றில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி எமது நாட்டில் 2013 முதலே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தியவற்றில் ஈயம் மிகுந்திருக்கலாம். அந்தத் தூள் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத் துணியால் துடைத்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி வையுங்கள். சுண்ணாம்பு நீற்றும்போது அது கொதிக்கும். பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது. கண்ணில் பட்டால் கசக்காமல், ஓடும் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

முடிவாக

எங்கள் முன் அறையை 2015 பங்குனியில் மீண்டும் பூசினோம். உரிந்ததையெல்லாம் சுரண்டி எடுத்து, சுவரடியில் தேங்கிய தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி, அதே பெயின்ரரைக் கூலிக்குப் பிடித்து, நான் கையாளாக நின்றேன். இரண்டு நாளில் முடிந்தது. அடுத்த அறையை ஆவணியில் நானும் பிள்ளைகளும் பூசினோம். பெயின்ரர் ஒரு பின்னேரம் வந்து எட்டிப் பார்த்து, மூலையில் ஓர் இடத்தைக் காட்டி, “இதிலை ஒருக்கால் திருப்பி இழுங்கோ” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார்.

இடம்பெயர்ந்த நாட்களில் எமது நேரத்துக்கு விலை இருக்கவில்லை. நிவாரண வரிசையில் நாள் முழுதும் நின்றோம். தண்ணீர் எடுக்க அரை நாள் நின்றோம். நாள் என்பது எவ்வளவும் செலவழிக்கத்தக்க ஒன்று என்ற பழக்கம் அங்கே எமக்குள் புகுந்துவிட்டது. ஊர் திரும்பிய பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. கமக்காரரின் நாளுக்கு விலை உண்டு. சுவருக்குப் பூசுமுன் அந்த விலையைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய பின், தூரிகையை யார் பிடிப்பது என்பதை உங்கள் குடும்பமே இருந்து பேசித் தீர்மானிக்கட்டும்.